பயிற்சிக்கு முழு மார்க், அப்ரைசலுக்குப் பெருமூச்சு: வங்கி ஊழியர்கள் மனிதவள மேம்பாட்டை உண்மையில் எப்படிப் பார்க்கிறார்கள்?

ஆய்வுமேசை:
வணக்கம் நண்பர்களே. நான் ஒரு வங்கியின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். பயிற்சி, அப்ரைசல் (வேலைக்கு மார்க் போடும் மதிப்பீடு), ப்ரமோஷன், பணிமாறுதல் பற்றியெல்லாம் எங்கள் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு இப்போது என் மேசையில் கிடக்கிறது. 'முற்றிலும் ஏற்கிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். விடைகளைக் கூட்டிப் பார்த்தால் குறையே இல்லாத நிறுவனம் போலத் தெரிகிறது. 'நிர்வாகம் ஊழியர் வளர்ச்சியில் அக்கறை காட்டுகிறது': ஏற்கிறேன். 'பயிற்சிகள் பயனுள்ளவை': முற்றிலும் ஏற்கிறேன்.

படிவத்தின் கடைசியில் 'வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால்' என்று கொஞ்சம் இடம் விட்டிருந்தோம். பலர் எதுவும் எழுதவில்லை. எழுதிய சிலரின் வரிகளைப் படித்தால் வேறு ஏதோ வங்கியைப் பற்றிச் சொல்வது போல இருக்கிறது. 'வகுப்பு அருமை. திரும்பி வந்தேன், அதே கவுண்ட்டர்' என்கிறார் ஒருவர். 'என் மார்க்கை எனக்கு முன்பே வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள்' என்கிறார் இன்னொருவர்.

அறிக்கையில் எண்களைப் போடுவதா, இந்த வரிகளைப் போடுவதா? வங்கிகளில் வேலை பார்க்கும் உங்களிடம்தான் கேட்க வேண்டும். 'ஏற்கிறேன்' என்று டிக் போடும்போது உங்கள் மனதில் என்ன ஓடுகிறது?

மூன்றாம் கவுண்ட்டர்:
நல்ல கேள்வி சார். நான் கேஷில் இருப்பவள். நேராகவே சொல்கிறேன்.

பயிற்சிக்கு ஆள் கேட்டு மெயில் வரும். யாருக்கு அந்தப் பாடம் தேவை என்று கிளையில் யாரும் பார்ப்பதில்லை. யார் போனால் வேலை நிற்காதோ அவர் பெயர் போகும். கடன் பிரிவில் தடுமாறுகிற பையனை அனுப்ப முடியாது, ஏனென்றால் அந்த மேசையில் வேறு ஆள் கிடையாது. ஆக, கடன் பயிற்சிக்கு நான் போயிருக்கிறேன். வகுப்பு நன்றாகவே இருந்தது, பாடம் எடுத்தவர் நிஜமாகவே விஷயம் தெரிந்தவர். 'பயிற்சி பயனுள்ளதா' என்று கேட்டால் நான் எப்படி இல்லை என்று சொல்வேன்? அவருக்குச் செய்கிற அநியாயம் இல்லையா அது? டிக் போட்டேன். மறுநாள் காலை கேஷ் கட்டு எண்ணப் போய்விட்டேன்.

ஈ-லேர்னிங் கதை வேறு. எதிரே வரிசை நிற்கும்போது ஒரு விண்டோவில் மாட்யூல் ஓடிக்கொண்டிருக்கும். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே இருப்போம். மாதக் கடைசிக்குள் முடிக்காதவர்கள் பட்டியல் மேலிடத்துக்குப் போய்விடும் என்பதால்தான் அந்த அவசரம். சான்றிதழ் வந்துவிடும். பணச்சலவைத் தடுப்பு பற்றி அந்த மாட்யூலில் என்ன இருந்தது என்று கேட்டால் எங்களில் பாதிப்பேர் விழிப்போம். நிஜத்தில் அது எனக்குத் தேவையான பாடம், தினமும் கணக்கில் பணம் வாங்குகிறவள் நான். அதுதான் வருத்தம்.

புதுவரவு:
அக்கா சொல்வதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிகாரியாகச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. ஆரம்பப் பயிற்சிக் காலம்தான் இதுவரை என் வேலையில் சிறந்த பகுதி. இருப்புநிலைக் குறிப்பைப் படிப்பது, நடைமுறை மூலதனக் கணக்கீடு, அடமானப் பத்திரத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாகக் கற்றேன். பிறகு கணக்கு திறக்கும் மேசையில் போட்டார்கள். கடன் மேசைக்கு வந்தபோது எல்லாம் மங்கிவிட்டிருந்தது. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885லேயே மறதி எவ்வளவு வேகமானது என்று தன்னை வைத்தே சோதித்துக் காட்டியவர். மீண்டும் எடுத்துப் பார்க்காத பாடம் முதல் சில நாட்களிலேயே வேகமாகக் கரைகிறது என்பது அவருடைய முடிவு. பயிற்சி நாள்காட்டியும் பணியிட ஒதுக்கீடும் இரண்டு தனித்தனி மேசைகளில் தயாராகின்றன என்பதுதான் என் சந்தேகம். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை.

வகுப்பறை:
பல ஆண்டுகள் வங்கிப் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

பயிற்சியை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959ல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் நான்கு படிகள் சொன்னார். கலந்துகொண்டவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. நடைமுறையில் எல்லாரும் அளப்பது முதல் படியை மட்டும். வகுப்பு முடிந்த மாலையில் ஒரு தாள் கொடுப்போம், கிளம்பும் அவசரத்தில் எல்லாரும் 'மிக நன்று' என்று நிரப்பிவிடுவார்கள். அந்தத் தாள்களை வைத்துத்தான் எங்கள் கல்லூரியின் தரமும் அளக்கப்பட்டது. மூன்றாம் படியை அளக்க வேண்டுமானால் சில மாதங்கள் கழித்துக் கிளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும், அதற்கு ஆளும் இல்லை, அனுமதியும் இல்லை. வகுப்பு பிடித்திருந்தது என்பதற்கும் கற்றது வேலையில் பயன்பட்டது என்பதற்கும் உள்ள தொடர்பு பலவீனமானது என்று பின்னால் வந்த ஆய்வுத் தொகுப்புகள் காட்டின.

1988ல் பால்ட்வின், ஃபோர்ட் என்ற இருவர் இதை ஒழுங்காக வகைப்படுத்தினார்கள். கற்றது வேலைக்கு வந்து சேர மூன்று காரணிகள்: கற்பவர், பாடத்தின் அமைப்பு, திரும்பிப் போகும் பணியிடம். முதல் இரண்டுக்கும் நாங்கள் பொறுப்பு. மூன்றாவது எங்கள் கையில் இல்லை. மேலாளர் ஆதரவும், கற்றதைச் செய்து பார்க்கும் வாய்ப்பும் அந்த மூன்றாவதில்தான் வருகின்றன. கவுண்ட்டரில் இருக்கும் சகோதரி சொல்வது எல்லாம் அந்த மூன்றாவதைப் பற்றியது. அவருக்கு வகுப்பின் மேல் குறையில்லை, அதனால் டிக் நேர்மையானது. கேள்விதான் தவறான இடத்தைத் தொடுகிறது.

தணிக்கைக்காரர்:
இந்த விவாதத்தைப் பயிற்சியோடு நிறுத்தாதீர்கள். லெனர்ட் நாட்லர் 1969ல் 'மனிதவள மேம்பாடு' (சுருக்கமாக எச்ஆர்டி) என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது ஒழுங்குபடுத்தப்பட்ட கற்றல் அனுபவங்களைத்தான் மையத்தில் வைத்தார். ஆனால் ஊழியர் கற்பது வகுப்பில் மட்டுமா? எதற்குப் பரிசு கிடைக்கிறது, எதற்குத் திட்டு விழுகிறது என்பதைப் பார்த்துத்தான் அதிகம் கற்கிறார்.

அமெரிக்க வங்கியான வெல்ஸ் ஃபார்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதத்தோடு விஷயம் வெளியே வந்தது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் திறக்கப்பட்ட கணக்குகள் சுமார் 20 லட்சம் இருக்கலாம் என்றார்கள், அடுத்த ஆண்டு மறுஆய்வில் அது 35 லட்சம் வரை என்று ஏறியது. சுமார் 5,300 பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு திட்டங்களை விற்க வேண்டும் என்பது அங்கே இலக்கு. போலிக் கணக்கு திறக்கக்கூடாது என்று அந்த ஊழியர்களுக்கு நெறிமுறைப் பயிற்சியும் நடந்தது, புகார் சொல்லத் தொலைபேசி எண்ணும் இருந்தது. ஒரு பக்கம் வகுப்பில் 'செய்யாதே', இன்னொரு பக்கம் மாலை டார்கெட் கூட்டத்தில் 'ஏன் முடிக்கவில்லை'. எது உண்மையான பாடம் என்று ஊழியர் புரிந்துகொண்டார். அன்றைக்கு அங்கே ஒரு கருத்துக்கணிப்பு எடுத்திருந்தால் 'நெறிமுறைப் பயிற்சி பயனுள்ளதா' என்ற கேள்விக்கு எத்தனை டிக் விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் தொழிலில் இன்னொரு பழைய பாடம் பேரிங்ஸ். 1762ல் தொடங்கிய அந்த பிரிட்டிஷ் வங்கி 1995 பிப்ரவரியில் விழுந்தது. நஷ்டம் சுமார் 82.7 கோடி பவுண்ட். சிங்கப்பூரில் அதன் ஊழியர் நிக் லீசன் வணிகமும் செய்தார், அதைச் சரிபார்த்துக் கணக்குத் தீர்க்கும் பின்னணி வேலையையும் அவரே கவனித்தார். 1994ல் நடந்த உள்தணிக்கையே இந்த இரட்டைப் பொறுப்பைச் சுட்டிக் காட்டியது. ஆனாலும் ஒன்றும் மாறவில்லை. அங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை. லாபம் கொண்டுவருகிறவரை நிறுத்திக் கேள்வி கேட்கும் அதிகாரம் கீழே இருந்தவர்களுக்கு இருந்ததா என்பதே கேள்வி. எச்ஆர்டி என்று நான் சொல்வது அதையும் சேர்த்துத்தான்.

கிளை மேலாளர்:
எல்லாரும் மேலாளரை நோக்கி விரல் நீட்டுகிறீர்கள், அதனால் பதில் சொல்லியாக வேண்டும்.

காலையில் கிளை திறக்கும்போது எத்தனை கவுண்ட்டர் ஓடும் என்பதுதான் என் முதல் கணக்கு. ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பினால் மாற்று ஆள் தரமாட்டார்கள். ஒருவர் லீவு, ஒருவர் பயிற்சி என்றால் மதியத்துக்குள் வாடிக்கையாளர் புகார் மேலே போய்விடும். அந்தப் புகாருக்கு நான் விளக்கம் எழுத வேண்டும். என் ஆளுக்குக் கடன் வேலை கற்றுக்கொடுத்தேன் என்று எழுத என் அப்ரைசல் படிவத்தில் ஒரு கட்டமும் கிடையாது. டெபாசிட், கடன், வாராக்கடன் வசூல், இன்சூரன்ஸ் விற்பனை எல்லாவற்றுக்கும் எண் உண்டு. ஊழியரை வளர்த்ததற்கு எண் இல்லை. 'தலைமைப் பண்பு' என்று ஒரு வரி இருக்கிறது, அதை யார் எப்படி நிரப்புகிறார்கள் என்று எனக்கே தெரியாது.

இன்னும் ஒன்று. நான் நன்றாக வளர்த்துவிட்ட ஆளைத்தான் முதலில் வேறு கிளைக்கு எடுத்துப் போவார்கள். அந்த ஆளுக்கு நல்லது, வங்கிக்கும் நல்லது. எனக்கு மறுபடி முதலிலிருந்து. இதைச் சொன்னால் சுயநலம் என்பீர்கள். ஆனால் இந்த ஏற்பாட்டில் மேலாளரை மட்டும் குறை சொல்லி என்ன ஆகும்?

மூன்றாம் கவுண்ட்டர்:
சுயநலம் என்று சொல்லமாட்டேன் சார். நீங்கள் வெளிப்படையாகச் சொன்னது நல்லது. எங்கள் மேலாளரும் இதையே எங்களிடம் சொல்லியிருந்தால் பாதிக் கோபம் குறைந்திருக்கும். 'உன் பெயரை ஏன் அனுப்பினேன் தெரியுமா' என்று யாரும் சொல்வதில்லை, அதனால் எங்களுக்குப் பிடித்த காரணத்தை நாங்களே வைத்துக்கொள்கிறோம்.

இருபக்கப் பதிவு:
மேடம் சொன்ன கடைசி வரியிலிருந்து அப்ரைசலுக்கு வருகிறேன், ஏனென்றால் எச்ஆர்டி மேல் ஊழியருக்கு இருக்கும் நம்பிக்கை உடைவதும் ஒட்டுவதும் அங்கேதான்.

பல வங்கிகளில் மதிப்பீட்டை ஒரு மணிவளைவுக்குள் அடைக்கிறார்கள். இத்தனை பேருக்கு மேல்தரம், இத்தனை பேருக்குக் கீழ்த்தரம் என்று முன்பே ஒதுக்கீடு. ஆறு பேர் உள்ள கிளையில் ஆறு பேரும் நன்றாக வேலை செய்தால் என்ன செய்வது? ஒருவரைத் தேடிப் பிடித்துக் கீழே தள்ள வேண்டும். 'போன வருஷம் உனக்குக் கொடுத்துவிட்டேன், இந்த வருஷம் அவருக்கு' என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. இந்த முறையை மைக்ரோசாஃப்ட் 2013ல் கைவிட்டது. பல வங்கிகளில் இன்னும் ஓடுகிறது.

மார்க் போடுவதே எவ்வளவு நம்பத்தக்கது? 2000ல் ஸ்கல்லன், மவுண்ட், கோஃப் மூவரும் ஆயிரக்கணக்கான மேலாளர்கள் பெற்ற மதிப்பெண்களை ஆராய்ந்தார்கள். மதிப்பெண் வேறுபாட்டில் பாதிக்கும் மேல் மார்க் போடுகிறவரின் தனிப்பட்ட போக்கிலிருந்து வருகிறது என்று கண்டார்கள். மார்க் வாங்குகிறவரின் திறமை அதில் சிறுபங்குதான். க்ளூகர், டினிசி இருவரும் 1996ல் பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளையெல்லாம் தொகுத்தபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட இடங்களில் பின்னூட்டத்துக்குப் பிறகு வேலைத்திறன் குறைந்தே போயிருந்தது. வேலையைப் பற்றிப் பேசாமல் ஆளைப் பற்றிப் பேசினால் அப்படித்தான் ஆகும்.

முடிவு பாதகமாக இருந்தாலும் ஊழியர் ஏற்றுக்கொள்வார், வழிமுறை நியாயமாக இருந்தால். ஜெரல்ட் லெவந்தால் 1980ல் நியாயமான வழிமுறைக்கு ஆறு விதிகள் எழுதினார்: எல்லாருக்கும் ஒரே அளவுகோல், சார்பின்மை, சரியான தகவல், தவறைத் திருத்த வழி, பாதிக்கப்படுவோரின் குரல், அறநெறி. இதில் நான்காவதைப் பாருங்கள். எங்கள் வங்கியில் அப்ரைசலுக்கு மேல்முறையீடு உண்டு. அதை யாரிடம் கொடுக்க வேண்டும்? முதல் மார்க் போட்டவர் வழியாகத்தான். அப்புறம் 'மேல்முறையீடுகள் மிகக் குறைவு, ஆகவே ஊழியர்களுக்குத் திருப்தி' என்று அறிக்கை எழுதுகிறார்கள். ஆய்வுமேசை, உங்கள் அறிக்கையில் தயவுசெய்து அந்த வாக்கியம் வேண்டாம்.

இரண்டாம் பெட்டி:
நான் ப்ரமோஷன் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தவள். ப்ரமோஷன் என்றால் வெளியூர் மாறுதல் கட்டாயம். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், பள்ளி போகும் பிள்ளை. கோப்பில் என்ன பதிவாயிற்று தெரியுமா? 'முன்னேற்றத்தில் நாட்டம் இல்லை.' அதற்குப் பிறகு எந்தப் பயிற்சிக்கும் என் பெயர் போகவில்லை. எனக்குக் கற்றுக்கொள்ள ஆசை குறையவே இல்லை. ஊரை விட்டுப் போக முடியவில்லை, அவ்வளவுதான். இரண்டையும் ஏன் ஒரே முடிச்சில் போடுகிறார்கள்?

புதுவரவு:
இது எனக்குத் தோன்றவே இல்லை, மேடம். படிவத்தில் 'பதவி உயர்வு வாய்ப்புகள் போதுமானவையா' என்று மட்டும்தான் இருக்கும். வாய்ப்பு வந்தது, உங்களால் எடுக்க முடியவில்லை என்று சொல்ல அதில் இடமே இல்லை.

ஆய்வுமேசை:
எல்லாருக்கும் நன்றி. எங்கள் கேள்வித்தாள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். டி.வி. ராவும் ஈ. ஆபிரகாமும் 1980களில் தயாரித்த எச்ஆர்டி சூழல் கேள்வித்தாள்தான் அடிப்படை. 38 கூற்றுகள். பொதுச் சூழல், எச்ஆர்டி நடைமுறைகள், நிறுவனப் பண்பாட்டைக் காட்டும் ஏழு பண்புகள் என்று மூன்று பகுதி. வெளிப்படைத்தன்மை, நம்பிக்கை, தன்னாட்சி, கூட்டுழைப்பு எல்லாம் அந்த ஏழில் வரும். நல்ல கருவி, நிறைய வங்கி ஆய்வுகளில் பயன்பட்டது. நாங்கள் அதைப் பெயர் கேட்காமல்தான் கொடுத்தோம். அப்படியும் ஏன் இவ்வளவு 'ஏற்கிறேன்'?

தணிக்கைக்காரர்:
பெயர் கேட்கவில்லை, சரி. வயது, பாலினம், பதவி, பணிக்காலம், கிளை இவற்றைக் கேட்டீர்களா? சிறிய கிளையில் 'பெண், நாற்பதைத் தாண்டியவர், அதிகாரி' என்று மூன்று டிக் போட்டாலே ஆள் தெரிந்துவிடும். ஊழியர்களும் கணக்குத் தெரிந்தவர்கள். படிவத்தைத் திறந்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். கிளை என்ற கேள்வியை நீக்குங்கள். குறைந்தது பத்துப் பேராவது இல்லாத எந்தக் குழுவின் விடையையும் தனியாகக் காட்டமாட்டோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். வங்கிக்கு வெளியே உள்ள ஒருவர் படிவங்களை வாங்கித் தொகுத்தால் இன்னும் நல்லது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் ஒரு விஷயத்தைக் கண்டார். நன்றாக இயங்கிய குழுக்களில்தான் பிழை அதிகமாகப் பதிவாகியிருந்தது. அங்கே பிழையைச் சொல்ல யாரும் பயப்படவில்லை. உங்கள் கணிப்பில் ஏதாவது ஒரு பிரிவில் குறைகள் அதிகம் வந்திருந்தால், அந்த மேலாளரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேதான் ஒருவேளை பேசுகிற சூழல் இருக்கிறது.

வகுப்பறை:
கூற்றுகளின் வடிவத்தையும் மாற்றலாம். 'பயிற்சி பயனுள்ளது' என்றால் கருத்து கேட்கிறோம், மரியாதைக்காகவாவது ஆம் என்பார்கள். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாகப் போன பயிற்சியில் கற்றதைச் செய்ய உங்களுக்கு வேலை ஒதுக்கப்பட்டதா? போகும் முன் உங்கள் மேலாளர் ஏன் இந்தப் பயிற்சி என்று உங்களிடம் பேசினாரா? திரும்பிய பிறகு? ஈ-லேர்னிங் முடிக்க கவுண்ட்டரை விட்டு எழுந்து உட்கார நேரம் தரப்பட்டதா? உங்கள் அப்ரைசல் மார்க்குக்கு ஓர் உதாரணமாவது காட்டி விளக்கினார்களா? இவற்றுக்கு ஆம், இல்லை என்றுதான் பதில் சொல்ல முடியும்.

இன்னொன்று, கேட்காமலே தெரியும் விஷயங்கள் உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. யார் எந்தப் பயிற்சிக்குப் போனார், அடுத்த ஆறு மாதம் எந்த மேசையில் இருந்தார் என்று இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தக் கணிப்பும் சொல்லாததை அது சொல்லும்.

கிளை மேலாளர்:
அதைச் செய்யுங்கள், நான் வரவேற்கிறேன். கூடவே மேலாளர்களுக்குத் தனியாக ஒரு தாள் கொடுங்கள். ஆளைப் பயிற்சிக்கு அனுப்பியபோது மாற்று ஆள் கிடைத்தாரா, கேட்டு மறுக்கப்பட்டதா என்று அதில் கேளுங்கள். எங்கள் பதில்களும் அந்த அறிக்கையில் வர வேண்டும்.

இருபக்கப் பதிவு:
மேல்முறையீட்டு எண்ணிக்கையை எழுதினால், அதில் எத்தனை மார்க் மாற்றப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆய்வுமேசை:
இரண்டு பட்டியலையும் இன்று மாலை எடுத்து ஒப்பிடத் தொடங்கிவிட்டேன். முழுவதும் முடியவில்லை, ஆனால் கடன் பயிற்சிக்குப் போனவர்களில் நிறையப் பேர் அதன் பிறகும் கடன் மேசைக்கு வரவே இல்லை என்பது முதல் பார்வையிலேயே தெரிகிறது. இதை அறிக்கையின் முதல் பக்கத்தில் வைக்கப் போகிறேன். திருப்தி எண்கள் பின்னிணைப்புக்குப் போகும். கிளை என்ற கேள்வியை அடுத்த முறைக்கு நீக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மேலாளர்களுக்கான தாளுக்கு ஒப்புதல் வாங்க வேண்டும், அது கொஞ்சம் கடினம், முயல்கிறேன்.

இரண்டாம் பெட்டி மேடம், உங்கள் கேள்வியை அப்படியே சேர்க்கிறேன்: 'ஊர் மாற முடியாத காரணத்தால் பயிற்சி வாய்ப்பை இழந்திருக்கிறீர்களா?' வேறு சொற்களில் கேட்க வேண்டுமானால் சொல்லுங்கள்.

இரண்டாம் பெட்டி:
'வாய்ப்பை இழந்திருக்கிறீர்களா' என்பதோடு நிறுத்தாதீர்கள். 'இப்போது வாய்ப்பு தந்தால் எந்தப் பயிற்சி வேண்டும்' என்றும் ஒரு வரி விடுங்கள். எனக்கு அந்நியச் செலாவணி மேசை வேலை கற்க வேண்டும். என் கிளையிலேயே அந்த மேசை இருக்கிறது.